கதையை எங்கே தொடங்குவது, எப்படித் தொடங்குவது

கதை மனதில் முழுசாக இருக்கும். யார், என்ன நடக்கிறது, கடைசியில் என்ன ஆகிறது, எல்லாம் தெரியும். ஆனால் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு முதல் வரியை எழுதி அழித்து, மறுபடி எழுதி அழித்து, அப்படியே ஒரு மாதம் ஓடிவிடும். இந்த இடத்திலேயே நின்றுபோன கதைகள் என்னிடம் நிறையக் கிடக்கின்றன. அவற்றைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது: நான் நல்ல முதல் வரியைத் தேடிக்கொண்டே இருந்தேன், அதற்கு முன்னால் முடிவு செய்திருக்க வேண்டியதை முடிவு செய்யவே இல்லை.

தொடக்கம் என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, எங்கே. கதையில் வருகிற அத்தனை நாட்களில் எந்த நாள், எந்த நேரத்தில் வாசகரை உள்ளே விடப்போகிறோம்? இன்னொன்று, எப்படி. அந்த நேரத்தை யார் குரலில், எந்த வாக்கியத்தால் சொல்லப்போகிறோம்? முதல் கேள்விக்குப் பதில் இல்லாமல் இரண்டாவதைப் பிடித்துத் தொங்கினால், எவ்வளவு நல்ல வரி எழுதினாலும் அது கதையோடு ஒட்டாது. அதனால் இதே வரிசையில் போவோம்.

கதை எதைப் பற்றியது என்று ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள்

பேசுவதற்கு ஒரு கதை வேண்டும், ஒன்றை உருவாக்குவோம். சதாசிவத்துக்கு 71 வயது. ஐந்தாறு வருடமாகக் காது மந்தம். மகன் பிரபு, மருமகள் வனிதா, 9 வயதுப் பேத்தி நிலா, எல்லாரும் ஒரே வீடு. ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போய், காதுக்குள் அடங்கிவிடுகிற சின்ன மெஷின் ஒன்றைப் பொருத்திக்கொண்டு வருகிறார். வீட்டில் சொல்லி எல்லாரையும் ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று ஆசை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே தன்னைப் பற்றிப் பேசுவது கேட்கிறது. அவரை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்கிறான் மகன். வேண்டவே வேண்டாம் என்று அவருக்காகச் சண்டை போடுகிறாள் வனிதா. இத்தனை வருடமும் தன்னைப் பிடிக்காது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த அதே வனிதா. அவர் மெஷினைப் பற்றிச் சொல்லாமல் இருந்துவிடுகிறார். அதற்கப்புறம் வீட்டில் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டே, கேட்காதவராக நடிக்கிறார். வனிதாவுக்கு நன்றி சொல்ல வேண்டும், ஆனால் சொன்னால் ஒட்டுக்கேட்டது தெரிந்துவிடும்.

இது எதைப் பற்றிய கதை? "காது கேட்காத ஒரு முதியவரின் கதை" என்று எழுதினால் அது ஆளைச் சொல்கிறது, கதையைச் சொல்லவில்லை. "கேட்டுவிட்டதை ஒப்புக்கொள்ளாமல் நன்றி சொல்ல முடியாத ஒருவர்" என்று எழுதினால் கதை கையில் வந்துவிடுகிறது. இந்த ஒரு வரியை எழுதாமல் தொடக்கத்தைத் தேடக்கூடாது என்பது என் கருத்து, ஏனென்றால் எங்கே தொடங்குவது என்பதைத் தீர்மானிக்கப்போவது இந்த வரிதான்.

இது புதிய விஷயமும் இல்லை. ட்ராய் நகரத்துப் போர் பத்து வருடம் நடந்ததாகச் சொல்வார்கள். பழங்கால கிரேக்கக் கவிஞர் ஹோமரின் இலியட் என்ற காவியம் அந்தப் போரின் முதல் நாளில் தொடங்குவதில்லை, போரின் முடிவுவரை போவதும் இல்லை. பத்தாவது வருடத்தில் கிரேக்க வீரன் அகில்லீஸுக்கும் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னானுக்கும் வருகிற சண்டையில் தொடங்கி, சில வாரங்களைச் சொல்லி, ட்ராய் இளவரசன் ஹெக்டரின் இறுதிச் சடங்கோடு நின்றுவிடுகிறது. போரை முடித்துவைத்த புகழ்பெற்ற மரக்குதிரைகூட அதில் வராது. காரணம், அந்தக் காவியம் சொல்ல எடுத்துக்கொண்டது அகில்லீஸின் கோபத்தை. கோபம் எங்கே பிறக்கிறதோ அங்கே கதை பிறக்கிறது. இதைக் கவனித்துத்தான் கிமு முதல் நூற்றாண்டில் ரோமானியக் கவிஞர் ஹொரேஸ், ஹோமர் ட்ராய் போரை, அந்தப் போருக்குக் காரணமான ஹெலன் புராணப்படி பிறந்த முட்டையிலிருந்து ஆரம்பிக்கவில்லை, கேட்பவரை நேராக நடுவில் கொண்டுபோய் நிறுத்துகிறார் என்று பாராட்டினார். நம் எல்லாருக்குள்ளும் முட்டையிலிருந்து ஆரம்பிக்கிற ஆசை இருக்கிறது. நாயகன் பிறந்தது, வளர்ந்தது, படித்தது என்று வரிசையாகச் சொன்னால்தான் வாசகருக்குப் புரியும் என்று நினைக்கிறோம்.

எங்கே: திரும்பிப் போக முடியாத நாளைக் கண்டுபிடியுங்கள்

ஒரு தாளில் கதையின் சம்பவங்களை நடந்த வரிசைப்படி எழுதுங்கள், கதைக்குள் வராதவற்றையும் சேர்த்து. சதாசிவம் கதைக்கு இப்படி வரும்: காது மந்தமாக ஆரம்பித்தது, வீட்டில் எல்லாரும் அவரிடம் பேசுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டது, மெஷின் பொருத்திக்கொண்ட நாள், வாசலில் கேட்டது, நடித்த வாரங்கள், அவருக்குக் காது கேட்பதை நிலா கண்டுபிடித்தது, கடைசி. இப்போது இவற்றில் எந்தச் சம்பவத்துக்கு அப்புறம் பழைய வாழ்க்கைக்குத் திரும்ப முடியாது என்று பாருங்கள். காது மந்தமானது பெரிய மாற்றம்தான், ஆனால் அது இந்தக் கதையின் மாற்றம் இல்லை. வாசலில் கேட்டதும், சொல்லாமல் இருந்ததும்தான் திரும்ப முடியாத இடம். கதையின் தொடக்கம் அதைச் சுற்றித்தான் எங்கேயோ இருக்க வேண்டும். கொஞ்சம் முன்னால், அதே இடத்தில், அல்லது கொஞ்சம் பின்னால்.

கொஞ்சம் என்றால் எவ்வளவு? அதுதான் கைப்பழக்கம் வேண்டிய இடம். ஒவ்வொரு இடமாக நின்று பார்ப்போம்.

காது மந்தமான காலத்தில் தொடங்கினால்: "ஆறு வருடங்களுக்கு முன்புதான் சதாசிவத்துக்குக் காது சரியாகக் கேட்காமல் போக ஆரம்பித்தது." பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இதைப் படிக்கிறவர் இனி ஆறு வருடத்தைக் கடக்க வேண்டும், கதை அதற்கு அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருக்கிறது.

மெஷின் பொருத்திய நாளில் தொடங்கினால்: இதுதான் ரொம்பவும் இழுக்கிற இடம். காகிதம் சரசரப்பது, தன் செருப்புச் சத்தம், தன் மூச்சு, எல்லாம் ஆறு வருடம் கழித்துத் திரும்ப வருகிறது. எழுத ஆசையாக இருக்கும், நன்றாகவும் வரும். ஆனால் அது வேறு கதையின் தொடக்கம், ஒலி திரும்பக் கிடைத்த மனிதரின் கதை. அந்த ஆனந்தத்தை மூன்று பக்கம் எழுதினால் வாசகர் அதைத்தான் கதை என்று நம்பிவிடுவார், நான்காம் பக்கத்தில் மகன் பேசும்போது ஏதோ இடையூறு வந்ததுபோல இருக்கும். அழகாக எழுத வரும் இடமெல்லாம் தொடங்குகிற இடம் ஆகிவிடாது. இதை ஏற்றுக்கொள்ள எனக்கு வெகுநாள் பிடித்தது.

வாசலில் தொடங்கினால்: பாடம் சொல்கிறவர்கள் எல்லாரும் இங்கேதான் தொடங்கச் சொல்வார்கள், தப்பும் இல்லை. ஒரு சிக்கல்தான். அவர் செவிடாக இருந்தது, மெஷின் வாங்கியது, தனியாகப் போனது, வீட்டுக்குச் சொல்லாதது, வனிதாவைப் பற்றி என்ன நினைத்திருந்தார் என்பது, இவ்வளவும் தெரிந்தால்தான் அந்த வாசல் காட்சி வலிக்கும். எல்லாவற்றையும் செருப்பைக் கழற்றுகிற நேரத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும். மூச்சு முட்டும். நாவலாக இருந்தால் மெஷின் பொருத்தும் இடத்திலோ அதற்குச் சில நாள் முன்னாலோ தொடங்கி, நடந்து வந்து வாசலை அடையலாம். சிறுகதைக்கு அந்த அவகாசம் கிடையாது.

நிலா கண்டுபிடிக்கிற இடத்தில் தொடங்கினால்: பரபரப்பாக இருக்கும், ஆனால் பாதிக் கதை பின்னோக்கிப் போய்த்தான் சொல்லப்பட வேண்டும். முன்னால் ஓடிவிட்டுத் திரும்பி வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போவதுபோல.

நடிக்க ஆரம்பித்து மூன்றாவது நாளில் தொடங்கினால்?

"அழைப்பு மணி இரண்டாவது முறையாக அடித்தது. சதாசிவம் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மூன்று நாளாக இதைத்தான் பழகிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து ஈரக் கையோடு ஓடி வந்த வனிதா, அவரைத் தாண்டிப் போகும்போது, அவருக்குக் கேட்காது என்ற நிச்சயத்தில், மெதுவாகச் சொன்னாள்: 'நீங்க உட்காருங்க மாமா.'"

நான் இதைத்தான் எடுப்பேன். இந்த ஐந்து வாக்கியத்தில் காது கேட்கிறது, கேட்காததுபோல இருக்கிறார், அது புதுசு, வீட்டுக்குத் தெரியாது, அவருக்குக் கேட்காது என்று நம்பும்போது அந்தப் பெண் அன்பாகப் பேசுகிறாள் என்று எல்லாமே வந்துவிட்டது, யாரும் எதையும் விளக்கவில்லை. அவர் ஏன் நடிக்கிறார் என்ற கேள்வி வாசகருக்குத் தானாக வருகிறது. அந்தக் கேள்வி வந்த பிறகு வாசலில் நடந்ததை இரண்டு பத்தியில் சொன்னால், அது விளக்கமாக இருக்காது, பதிலாக இருக்கும். வாசகர் உட்கார்ந்து கேட்பார்.

பொதுவாக, சிறுகதை என்றால் முடிவுக்கு எவ்வளவு அருகில் தொடங்க முடியுமோ அவ்வளவு அருகில் தொடங்குங்கள். நாவலுக்குத் தள்ளி நிற்கலாம், பழைய வாழ்க்கையைக் கொஞ்ச நேரம் காட்டலாம். அப்படிக் காட்டும்போதும் அந்தப் பழைய வாழ்க்கையில் ஒரு விரிசல் தெரிய வேண்டும். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள் என்று 20 பக்கம் எழுதிவிட்டு 21ஆம் பக்கத்தில் இடியை இறக்கினால், 20 பக்கமும் எதற்கு என்று தெரியாமல்தான் வாசகர் கடந்திருப்பார், கடந்திருந்தால்.

நாவலின் முன்னுரைக் காட்சி பற்றியும் ஒரு வார்த்தை. 50 வருடத்துக்கு முன்னால் நடந்த ஒரு சம்பவத்தை முதலில் வைத்து, அப்புறம் "இன்று" என்று ஆரம்பிப்பது. பல நேரம் இது ஏன் வருகிறது என்றால், முதல் அத்தியாயம் மந்தமாக இருக்கிறது என்று எழுதியவருக்கே தெரியும், அதற்கு முன்னால் ஒரு கொலையை வைத்தால் ஈடுகட்டலாம் என்று நினைக்கிறார். முதல் அத்தியாயத்தைச் சரிசெய்வதுதான் வழி.

எப்படி: முதல் வாக்கியத்துக்கு வருவோம்

இடம் முடிவாகிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். இனி எந்த வழியில் நுழைவது என்பதுதான். செயலோடு தொடங்கலாம், பேச்சோடு தொடங்கலாம், ஒரு பொருளை அருகில் காட்டலாம், இடத்தை விவரிக்கலாம், அல்லது கதைசொல்லி நேராக ஒரு விஷயத்தை அறிவித்துவிடலாம்.

பேச்சில் தொடங்குவது சுலபமாகத் தோன்றும். "இனிமே முடியாது!" என்று ஒரு வரி. யார் சொன்னது, யாரிடம், எங்கே நின்றுகொண்டு, எதைப் பற்றி என்று ஒன்றுமே தெரியாமல் ஆளில்லாத குரல் மட்டும் கேட்கிறது. வாசகர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, யாராவது வந்து வாங்கிக்கொள்வார்களா என்று காத்திருக்க வேண்டும். அடுத்த வரியிலேயே ஆள் வந்துவிட்டால் பரவாயில்லை. நான்கு வரி பேசிய பிறகும் வரவில்லை என்றால் அந்தப் பேச்சு வீண்.

இடத்தை விவரித்துத் தொடங்குவது இந்தக் காலத்தில் ஆகாது என்று சிலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். விவரிக்கிற கண் யாருடையது என்று தெரிந்தால் இடமும் கதைதான். ஒரு அறையை அங்கே வாடகைக்கு வரப்போகிறவர் பார்ப்பது வேறு, அங்கே அம்மா இறந்துபோன மகள் பார்ப்பது வேறு. இருவரும் அதே ஜன்னலைத்தான் பார்க்கிறார்கள், முதலாமவர் கண்ணில் தாழ்ப்பாள் படும், மகள் கண்ணில் திரைச்சீலையில் மடிப்புக் கலையாமல் இருப்பது படும். யாருடைய கண்ணும் இல்லாமல் மேகம், காற்று, பறவை என்று போனால்தான் அலுப்பு.

கதைசொல்லி நேராக அறிவித்துவிடுவது தைரியமான வழி. "என் தாத்தாவுக்குக் காது கேட்கும் என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்." இது நிலா பெரியவளான பிறகு சொல்வதுபோல. கவனியுங்கள், சொல்கிறவர் மாறியதும் தொடங்கும் இடமும் மாறிவிட்டது. நிலாவுக்குக் கதை அவள் கண்டுபிடித்த நாளில்தான் ஆரம்பிக்கிறது, வாசலில் நடந்தது அவளுக்குத் தெரியாது. சதாசிவத்தின் பார்வையில் பாரமாக இருந்த அதே இடம், நிலாவின் குரலில் சரியான இடமாகிவிடுகிறது. தொடக்கம் எங்கேயும் பொருந்தாமல் முரண்டு பிடித்தால், பார்வையை மாற்றிப் பாருங்கள். தவறான ஆளைச் சொல்ல வைத்திருக்கலாம்.

தூங்கி எழுவதில் தொடங்காதே, கனவில் தொடங்காதே, கண்ணாடியில் முகம் பார்க்க வைக்காதே என்று ஒரு பட்டியல் எல்லா இடத்திலும் சுற்றுகிறது. ஃப்ரான்ஸ் காஃப்காவின் உருமாற்றம் என்ற குறுநாவல், 1915இல் வந்தது, தூங்கி எழுவதில்தான் தொடங்குகிறது. ஆனால் எழுந்திருக்கும்போதே அந்த மனிதன் பூச்சியாகிவிட்டான், அதுவும் முதல் வாக்கியத்திலேயே, ஏன் ஆனான் என்று கடைசிவரை சொல்வதும் இல்லை. அங்கே விழிப்பதுதான் திரும்பிப் போக முடியாத இடம். நாம் எழுதும்போது வருகிற விழிப்பு அப்படி இருக்காது. நாள் காலையில் ஆரம்பிக்கிறது, அதனால் கதையையும் காலையில் ஆரம்பிக்கிறோம், அவ்வளவுதான். பல் தேய்த்து, குளித்து, கிளம்பிக் கதை நடக்கும் இடத்துக்கு அவர் போய்ச்சேர இரண்டு பக்கம் ஆகிவிடும். கனவு மட்டும் உண்மையிலேயே ஆபத்து, ஏனென்றால் வாசகர் நம்பிப் படித்ததை "அது கனவு" என்று பிடுங்கிக்கொண்டால், அடுத்தமுறை அவர் அவ்வளவு எளிதில் நம்பமாட்டார்.

முதல் பக்கத்தில் எவ்வளவு தெரிய வேண்டும்

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. அங்கே சொல்லப்படுவது அகப்பாட்டின் இலக்கணம்தான், ஆனாலும் கதை எழுத உட்காரும்போதெல்லாம் இந்த வார்த்தை எனக்கு உதவுகிறது. எங்கே, எப்போது என்பது கால் ஊன்றுகிற தரை. அது இல்லாமல் உணர்ச்சியை முதலில் கொட்டினால் அது அந்தரத்தில் நிற்கும். அறையா தெருவா, பகலா இரவா, இவ்வளவு தெரிந்தால்கூடப் போதும், தனியாக ஒரு பத்தி எழுத வேண்டாம். மேலே சொன்ன தொடக்கத்தில் செய்தித்தாள் இருக்கிறது, அழைப்பு மணி இருக்கிறது, ஈரக் கை இருக்கிறது. வீட்டுக் கூடம், வேலை நடக்கிற நேரம் என்று தானே புரிந்துவிடும்.

சங்க அகப்பாடல்களையும் இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். குறுந்தொகைப் பாட்டு பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு அடிக்குள் முடிந்துவிடும், பெயர்கூட இல்லாத ஒரு பெண் பேச ஆரம்பிப்பாள், முன்கதை ஒரு சொல் இருக்காது. ஆனாலும் புரிகிறது, ஏனென்றால் தலைவி தோழிக்குச் சொன்னது, தோழி தலைவனுக்குச் சொன்னது என்று பாட்டோடு ஒரு சின்னக் குறிப்பு வருகிறது. யார் யாரிடம் எந்த நிலைமையில் பேசுகிறார்கள் என்பது மட்டும் தெரிந்தால், மீதியை வாசகர் தானே கட்டிக்கொள்வார். உங்கள் முதல் பத்திக்கு அப்படி ஒரு குறிப்பு எழுத முடிகிறதா பாருங்கள்: "செவிடராக நடிக்கும் மாமனார், அது தெரியாத மருமகள் முன்னால் உட்கார்ந்திருந்தது." எழுத முடியவில்லை என்றால் காட்சி இன்னும் உங்களுக்கே தெளியவில்லை.

அப்புறம், முதல் பக்கம் ஒரு வாக்குறுதியும்கூட. சிரிக்க வைக்கிற தொனியில் தொடங்கிவிட்டு மூன்றாம் பக்கத்தில் ரத்தம் காட்டினால், சிரிக்க உட்கார்ந்தவர் எழுந்து போவார். பேய் வரப்போகிற கதை என்றால் முதல் பக்கத்திலேயே காற்று கொஞ்சம் மாறியிருக்க வேண்டும், பேய் அப்புறம் வந்தால் போதும்.

ஆவல் வேறு, குழப்பம் வேறு

புதிதாக எழுதுகிறவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது இதுதான். வாசகரை இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் மறைக்கிறார்கள். "அவன் அதை எடுத்தான். இன்று எப்படியும் அது நடந்தாக வேண்டும். அவளுக்கு மட்டும் தெரிந்தால்..." எவன், எதை, எது, எவள்? நான்கு மூடிய பெட்டிகளைக் கொடுத்துவிட்டு ஆவலாக இரு என்றால் எப்படி? வாசகருக்கு ஆவல் வரவேண்டும் என்றால் முதலில் ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான் ஆவல். ஒன்றுமே தெரியாதவருக்கு இடைவெளியே கிடையாது, வெறும் இருட்டு.

இதே வரிகளை இப்படி எழுதிப் பாருங்கள்: "கணேசன் அண்ணனின் கையெழுத்தைப் பதினோராவது முறையாகப் போட்டுப் பார்த்தான். பத்திரம் மேசையில் இருந்தது. அண்ணன் மாலை 6 மணிக்கு வந்துவிடுவான்." யார், என்ன செய்கிறான், எவ்வளவு நேரம் இருக்கிறது, எல்லாம் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் அடுத்த வரியைப் படிக்காமல் இருக்க முடியவில்லை. செய்வானா, மாட்டிக்கொள்வானா, ஏன் செய்கிறான்? தாராளமாகக் கொடுக்கக் கொடுக்கத்தான் கேள்விகள் பிறக்கின்றன. கதையை யார் பார்வையில் சொல்கிறீர்களோ அவருக்குத் தெரிந்ததை வாசகரிடம் மறைப்பது எப்போதும் ஒட்டாது. அவருக்குத் தெரியாததை மறைத்து வையுங்கள், அவரும் வாசகரும் சேர்ந்து கண்டுபிடிக்கட்டும்.

முன்கதையும் இப்படியே. சொல்லவே கூடாது என்று இல்லை. வாசகர் கேட்பதற்கு முன்னால் சொன்னால் சுமை, கேட்ட பிறகு சொன்னால் விருந்து. பல நேரம் அரை வரி போதும். "மூன்று நாளாக" என்ற ஒரு சொல் மேலே எவ்வளவு வேலை செய்தது பார்த்தீர்களா.

எழுதும்போது

இவ்வளவும் யோசித்துவிட்டுத்தான் முதல் வரி எழுத வேண்டும் என்று அர்த்தம் இல்லை. எழுத ஆரம்பிப்பதும் கதை ஆரம்பிப்பதும் ஒரே இடத்தில் இருக்க வேண்டியதில்லை, இதை மனதில் போட்டுக்கொண்டால் பாதிப் பாரம் இறங்கும். எந்தக் காட்சி தெளிவாகத் தெரிகிறதோ அதை முதலில் எழுதுங்கள், நடுவில் இருந்தாலும் சரி. முதல் காட்சிக்குத் தற்காலிகமாக ஏதாவது வைத்துக்கொண்டு மேலே போங்கள்.

ஒருமுறை 14 பக்கக் கதை ஒன்றை ஒரு நண்பரிடம் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஆறாம் பக்கத்தின் நடுவில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இங்கேதான் எனக்குக் கதை ஆரம்பிச்சுது." முதல் ஐந்தரைப் பக்கத்தையும் மூடி வைத்துவிட்டு அந்தக் கோட்டிலிருந்து படித்துப் பார்த்தேன். புரியாமல் போனது இரண்டே விஷயம், ஒருவரின் பெயர், அவர்கள் அக்கா தங்கை என்பது. இரண்டையும் ஒரு வாக்கியத்தில் சேர்த்துவிட்டேன். அந்த ஐந்தரைப் பக்கமும் வீண் என்று நான் சொல்லமாட்டேன், அந்த அக்காவையும் தங்கையையும் எனக்கு அறிமுகம் செய்து வைத்தது அதுதான். வாசகருக்கு அது தேவைப்படவில்லை. கதை எழுதி முடித்ததும் தொடக்கத்தையும் முடிவையும் வெட்டிவிட வேண்டும் என்று ரஷ்யச் சிறுகதையாளர் செக்காவ் சொன்னதாக, அவரை அறிந்த இன்னொரு ரஷ்ய எழுத்தாளர் இவான் புனின் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தப் பென்சில் கோட்டுக்குப் பிறகு, எந்தக் கதையை முடித்தாலும் முதல் பக்கத்தின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு இரண்டாம் பக்கத்திலிருந்து படிக்கிறேன். எது இல்லாமல் தவிக்கிறது என்று பார்த்து அதை மட்டும் மீட்டுக்கொள்கிறேன்.

நீங்களும் செய்து பார்க்க ஒரு பயிற்சி. உங்கள் கதைக்கு ஐந்து தொடக்கம் எழுதுங்கள், ஒவ்வொன்றும் 100 வார்த்தைக்குள். ஒவ்வொன்றும் வேறு நேரத்தில் தொடங்க வேண்டும், அதே நேரத்தை வேறு வார்த்தையில் சொன்னால் கணக்கில் வராது. ஒன்றாவது வேறொருவர் பார்வையில் இருக்கட்டும். முதல் இரண்டும் எல்லாருக்கும் தோன்றுகிற தொடக்கமாகத்தான் வரும். எனக்கு நாலாவதில்தான் ஏதாவது அசையும். பிறகு வாய்விட்டுப் படியுங்கள், எந்த இடத்தில் உங்கள் குரலே வேகமாக ஓடப்பார்க்கிறதோ அங்கே உங்களுக்கே அலுப்பு என்று அர்த்தம். பிடித்த ஒன்றை மட்டும் கதை தெரியாத ஒருவரிடம் கொடுத்து, நன்றாக இருக்கிறதா என்று கேட்காமல், "இதற்கப்புறம் என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்வது நடக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் உங்கள் கதை எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையில் அவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வேறு பக்கம் பார்க்கிறார் என்றால் தொடக்கம் தவறான வாக்குறுதியைக் கொடுத்திருக்கிறது.

கதை முழுவதையும் முடித்த பிறகு மறுபடி முதல் பக்கத்துக்கு வாருங்கள், இப்போதுதான் முதல் வரியோடு மல்லுக்கட்ட வேண்டிய நேரம். முடிவு என்னவென்று உறுதியாகத் தெரிவதால், தொடக்கத்தில் எதை வைக்கலாம் என்று தெரியும். சதாசிவம் கதையில் அழைப்பு மணியை நான் முதலிலேயே யோசித்து வைக்கவில்லை. முதலில் அவர் வெறுமனே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார், வனிதா பின்னாலிருந்து ஏதோ சொன்னாள். கடைசிக் காட்சியில் அவர் எப்படி நன்றி சொல்வார் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் மணி வந்தது: வனிதா உடம்பு முடியாமல் படுத்திருக்கிறாள், மணி அடிக்கிறது, அவள் எழுந்திருக்கப் பார்க்கிறாள். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "நீ படும்மா" என்று சொல்லி, போய்க் கதவைத் திறக்கிறார். அந்த மணியை எடுத்துக்கொண்டு வந்து முதல் வரியில் மாட்டினேன்.